ஒன்றாக உட்கார்ந்து உண்ட காலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்தவன் நான். இருபது ஆண்டுகளாகப் பெங்களூரில் மென்பொருள் வேலை. இந்தக் கோடை விடுமுறையில் பையன்கள் இருவரையும் ஊருக்கு அழைத்துப் போயிருந்தேன். மூத்தவனுக்குப் பத்து வயது. போன நாள் முதல் இருவரும் திண்ணையைத் தாண்டவில்லை. ஆளுக்கொரு செல்போன். அம்மா ஆசையாக ராகிக் களி கிண்டி, கொள்ளுக் கடைசல் ஊற்றி வைத்தார். மூத்தவன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "களிமண் மாதிரி இருக்கிறது" என்று தட்டைத் தள்ளிவிட்டான். அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

நம் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டால் பையை எறிந்துவிட்டு ஓடுவோம். கில்லி, கோலி, பம்பரம். இருட்டினால்தான் வீட்டு நினைவு வரும். தாத்தா, அப்பா, சித்தப்பா, பிள்ளைகள் என்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். சாதி, மதம் என்றெல்லாம் அப்போது எங்களுக்கு எதுவும் தெரியாது. இன்று எங்கள் வீட்டில் நான்கு பேரும் நான்கு நேரத்தில் சாப்பிடுகிறோம். அதில் பாதி செயலி வழியாக வருவது. அந்த வாழ்க்கையை வாழ்ந்த கடைசித் தலைமுறை நாம்தானா?

எங்கள் குடியிருப்புக்கு அருகே சனிக்கிழமைகளில் மரபு விளையாட்டு முகாம் நடக்கிறது. பயிற்சியாளர்கள் கில்லியும் பல்லாங்குழியும் சொல்லித்தருகிறார்கள். மதியம் சிறுதானிய உணவு. கட்டணம் சற்று அதிகம். பையன்களைச் சேர்க்கலாமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
எஸ்., பெங்களூர்

அன்புள்ள எஸ்.,

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு அடிக்கடி வரும். பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. "அந்தக் காலம் போல வருமா" என்று தொடங்கும் எதையும் கடைசிவரை படிக்கும் பொறுமை எனக்குப் போய்விட்டது. உங்களுக்கு எழுதக் காரணம் என் சித்தி. சென்ற மாதம் ஊரில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீங்கள் எழுதியிருக்கும் இதே புராணத்தைத்தான் பாடிக்கொண்டிருந்தோம். அடுப்பிலிருந்து இறக்கிய களி, அதன் ஆவி, நடுவில் குழித்து ஊற்றிய அவரைக்கொட்டைக் குழம்பு. எல்லோருக்கும் நாக்கில் நீர் ஊறியது. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சித்தி, எண்பதைத் தொடும் வயது, "எனக்குத் தெரியாதப்பா, நான் களியைச் சூடாகத் தின்றதே இல்லை" என்றார். குறைப்படும் குரலே இல்லை. காட்டில் மழை இல்லை என்பதைச் சொல்வது போலச் சொன்னார். பேச்சு உடனே நிலம் விற்ற கதைக்குப் போய்விட்டது. நான் போகவில்லை. அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தோடுதான் இருக்கிறேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்கள் பையன். அவன் சொன்னதில் என்ன தவறு? களி பார்ப்பதற்குக் களிமண் மாதிரிதான் இருக்கும். நாமும் அதைத்தான் நினைத்தோம், சொன்னால் முதுகில் விழும் என்பதால் சொல்லவில்லை. என் சிறுவயதில் நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவது. விருந்தாளி வந்தாலும் வரும், ஆகவே விருந்தாளி எப்போது வருவார் என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். தருமபுரிக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது, டவுன் பையன்கள் வெள்ளைவெளேரென்று தயிர்சோறு கொண்டுவருவார்கள். நான் தூக்குப்போசியின் மூடியைப் பாதி திறந்து, சுவர்ப்பக்கம் திரும்பித் தின்பேன். "களிதின்னி" என்று எனக்குப் பட்டப்பெயர். அன்று எவராவது வந்து, தம்பி, உன் போசியில் இருப்பது கால்சியமும் இரும்புச்சத்தும் என்று சொல்லியிருந்தால் போசியாலேயே அவரை அடித்திருப்பேன்.

அரிசி தின்ன வேண்டும் என்பது எங்கள் மாவட்டத்தின் பல தலைமுறை ஏக்கம். 2008ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011ல் இலவசம் ஆனது. வீட்டுக்கு வீடு களிப்பானை பரணுக்குப் போயிற்று. யார் குறை சொல்ல முடியும்? பிறகு 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்றது. அதே ஆண்டு நீலகிரியிலும் எங்கள் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் ராகியிலிருந்து தப்பிப்பதற்காகவே படித்த ஒரு தலைமுறை, இன்று அதையே கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கும் கடையில் போய் நிற்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பையனைத் திட்டாதீர்கள். அவனுக்கு என்றைக்காவது பிடிக்கும், பிடிக்காமலும் போகலாம்.

செல்போனைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எல்லோரும் சொல்லிவிட்டார்கள், செல்போனில் சொல்லிவிட்டார்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். பெங்களூரில் உங்கள் தெருவில் இறங்கி நின்று, இருபுறமும் நிற்கும் கார்களைப் பாருங்கள். அவற்றில் ஒன்று உங்களுடையது. பையன் வெளியே வந்தால் எங்கே ஓடுவான்? நாங்கள் விளையாடியது சேலம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரப் புளியமரங்களின் நிழலில். சாலையில் லாரி வந்தால் தூரத்திலேயே சத்தம் கேட்கும், ஒதுங்கிக்கொள்வோம். மரங்கள் நெடுஞ்சாலைத் துறையின் சொத்து. புளியை ஏலம் எடுத்த குத்தகைக்காரர் கம்போடு துரத்துவதும் விளையாட்டின் ஒரு பகுதி. நான்குவழிச் சாலை வந்தபோது அந்த மரங்கள் போயின. இன்று அந்த இடத்தில் ஒரு குழந்தையை நிற்க வைக்க முடியாது.

முகாமுக்கு வருகிறேன். கில்லிக்குப் பயிற்சியாளரா? குழியின் குறுக்கே புள் என்னும் சிறு குச்சியை வைத்து, கீழிருந்து கிட்டி என்னும் நீளக் குச்சியால் எத்தி எறிவதை யாராலும் ஐந்து நிமிடத்தில் சொல்லித்தர முடியும். விளையாட்டு அதற்குப் பிறகு இருக்கிறது. புள் விழுந்த இடம் இதுவா, அதுவா? கிட்டியால் அளக்கும்போது ஒரு கிட்டி கூடியதா, குறைந்ததா? தோற்றவன் புள் விழுந்த இடத்திலிருந்து குழிவரை மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஓடிவர வேண்டும். நடுவில் மூச்சு விட்டான் என்று ஐந்து பேரும், விடவில்லை என்று ஐந்து பேரும் மண்ணில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். அந்த வழக்கைத் தீர்க்கப் பெரியவர் ஒருவரும் பக்கத்தில் இல்லை, அதுதான் விளையாட்டு. விசில் வைத்திருக்கும் ஒருவர் நடுவில் நின்றால் அது உடற்பயிற்சி வகுப்பு. சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் பாடு.

இப்போது நான் சொல்ல வந்தது. உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மறுபடி படியுங்கள். "தாத்தா, அப்பா, சித்தப்பா, பிள்ளைகள் என்று எல்லோரும்." எல்லோரும் யார், எஸ்.? பாட்டி எங்கே? சித்தி எங்கே? அம்மா எங்கே? இந்தப் பட்டியலை நான் சொல்லி நீங்கள் எழுதவில்லை. நீங்களாகவே எழுதியது. உங்கள் நினைவு பொய் சொல்லவில்லை, பந்தியில் இருந்தவர்களைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு "எல்லோரும்" என்று பெயர் வைத்ததுதான் உங்கள் வேலை.

களி கிண்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? சாப்பிடுவதை அல்ல, கிண்டுவதை. பானையில் நொய் வேகும். அது குழைந்த பிறகு ராகி மாவை நடுவில் குவித்துக் கொட்டுவார்கள். கிளறக் கூடாது. துடுப்பால் நடுவே ஒரு துளை போட்டுவிட்டு, அந்தத் துளை வழியாகக் கொதி மேலே வந்து மாவு முழுவதும் நனைந்து வேகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பானையை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, என் அம்மா இரண்டு பாதங்களாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொள்வார். நடுவில் பழந்துணி. இரண்டு கைகளாலும் துடுப்பைப் பிடித்து, உடம்பின் எடை முழுவதையும் போட்டுக் கிண்டுவார். கட்டி இருக்கக் கூடாது. கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டால் ஒட்டக் கூடாது. நெற்றியிலிருந்து மூக்கு வழியாக வியர்வை இறங்கும், துடைக்கக் கை இருக்காது, தோளைத் தூக்கித் தோளில் துடைப்பார். பிறகு அந்தக் கொதிக்கும் களியைத் தண்ணீர் தொட்ட உள்ளங்கையால் உருட்டி ஒவ்வொரு வட்டிலாக வைப்பார். முதலில் தாத்தாவுக்கு. பிறகு அப்பா. பிறகு பிள்ளைகளில் ஆண்கள். குழம்பு குறைந்தவருக்குக் குழம்பு, தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர். எல்லோரும் கை கழுவிய பிறகு மாட்டுக்குத் தவிடு வைத்து, ஏனத்தைக் கழுவப் போட்டுவிட்டு அவர் உட்காரும்போது பானையில் இருப்பது அடிக்களி. ஆறிய களி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? தெரியாது. நமக்கு எப்படித் தெரியும்? இறுகிப்போயிருக்கும். அதைத்தான் சித்தி சொன்னார். அறுபது ஆண்டு தினமும் களி கிண்டிய ஒருத்தி அதைச் சூடாகத் தின்றதில்லை.

இதற்குப் பதிலாக உடனே ஒருவர் எழுதுவார், அம்மாக்கள் அதை அன்போடுதான் செய்தார்கள், நீங்கள் ஏன் அதில் அரசியலைக் கொண்டுவருகிறீர்கள் என்று. அன்பு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அன்பு இருந்தது. அன்பு இருந்ததால்தான் யாரும் கேட்கவில்லை. "நீ சாப்பிட்டாயா அம்மா" என்று நாம் கேட்டதுண்டு. "நீ எப்போது சாப்பிடுவாய், எதைச் சாப்பிடுவாய்" என்று கேட்டதில்லை. உங்கள் வீட்டில் இன்று நான்கு பேர் நான்கு நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்று வருந்துகிறீர்கள். உங்கள் அம்மா வாழ்நாள் முழுவதும் ஐந்தாவது நேரத்தில் சாப்பிட்டவர். அதற்கு நீங்கள் ஒரு கடிதமும் எழுதவில்லை.

விளையாட்டும் அப்படித்தான். என் அக்கா பாண்டி ஆடுவதில் தெருவில் முதலாமவள். ஆனால் அவள் இடுப்பில் எப்போதும் எங்கள் கடைசித் தம்பி இருப்பான். அம்மா காட்டுவேலைக்குப் போய்விடுவார், பிள்ளை அவள் பொறுப்பு. தன் முறை வந்ததும் அவனைக் கட்டத்துக்கு வெளியே மண்ணில் இறக்கி வைப்பாள். இவள் ஒற்றைக்காலில் நான்காவது கட்டத்துக்குப் போவதற்குள் அவன் அழுவான், அல்லது சில்லை எடுத்து வாயில் வைத்துக்கொள்வான். ஓடிப்போய்த் தூக்குவாள். கால் ஊன்றிவிட்டாள், ஆட்டம் போயிற்று என்பார்கள் மற்றப் பெண்கள். அவர்கள் இடுப்பிலும் ஆளுக்கொரு பிள்ளை. வயதுக்கு வந்ததும் அந்த ஆட்டமும் நின்றது. அப்போது நானோ புளியமரத்தடியில் இருட்டும்வரை கில்லி ஆடிக்கொண்டிருந்தேன், தம்பியைத் தூக்கு என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்கு ஒரு பருவமே உண்டு, சிற்றில் சிதைத்தல். பெண்பிள்ளைகள் மணலில் சிறு வீடு கட்டி விளையாடுவார்கள், தலைவன் வந்து காலால் உதைப்பான், அவர்கள் சிதைக்காதே என்று கெஞ்சுவார்கள். தெய்வத்தையே அப்படிப் பாடித்தான் நமக்குப் பழக்கம். அழகான பாடல்கள், மறுக்கவில்லை.

அடுத்தது, "சாதி எதுவும் தெரியாது" என்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. உங்களுக்குத் தெரியாது, சரி. தெரிய வேண்டியவனுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் கூட்டாஞ்சோறு ஆக்குவோம். ஆளுக்கு ஒரு கை அரிசி, பருப்பு, இரண்டு வெங்காயம், யார் வீட்டிலிருந்தாவது புளி. பாறைக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, குடுவையில் பொங்குவோம். புகை வாடையும் மணலும் கலந்த சோறு, அதற்கு ஈடு இல்லைதான். எங்கள் கில்லிக் கூட்டத்தில் மிக நன்றாக ஆடுபவன் காலனிப் பையன் ஒருவன். அவன் அடித்த புள்ளைப் பிடிக்க எங்களில் ஆள் கிடையாது. கூட்டாஞ்சோற்றுக்கு அவனும் வருவான். அவனிடம் மட்டும், "நீ விறகு கொண்டுவா, போதும்" என்று சொல்லிவிடுவோம். விறகு எரிந்துபோகும், அரிசி வயிற்றுக்குள் போகுமே. இந்தக் கணக்கை எந்தப் பெரியவரும் எங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. அவனும் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. சோற்றை இலையில் வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளி, பாறையின் மறுபக்கம் போய் உட்கார்ந்து தின்பான். இதற்குப் பெயர் தெரியாமல் இருப்பதா, எஸ்.?

அவனும் நானும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்ற இடம் ஒன்று உண்டு. என் வீடு அல்ல, கூட்டாஞ்சோற்றுப் பாறை அல்ல. ஊர்த் தொடக்கப்பள்ளியின் வராந்தா. அங்கே கிடைத்த உணவைப் பற்றி யாரும் கண்ணீர் மல்கக் கட்டுரை எழுதுவதில்லை. அமெரிக்காவிலிருந்து 'கேர்' அமைப்பு அனுப்பிய கோதுமையில் கிண்டிய உப்புமா. அந்த எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு, இன்றும் எங்காவது அடித்தால் நான் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவேன். ருசி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வரிசை உண்டு. தட்டை நீட்டிய வரிசைப்படியே சுவரோரம் உட்கார வேண்டும், வாத்தியார் பிரம்போடு நிற்பார், இடம் மாறினால் அடி. எனக்கு இப்பக்கம் அவன், அப்பக்கம் கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன். பெண்பிள்ளைகளும் அதே நேரத்தில், சூடாக. என் அக்கா ஆண்களோடு சமமாகச் சூடான உணவு தின்றது அந்த வராந்தாவில் மட்டும்தான்.

அது தானாக வந்ததல்ல. 1920ல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956ல் காமராசர் அதை மாநிலத்துக்குக் கொண்டுவந்தார், எட்டயபுரத்தில் தொடங்கி. பணத்துக்கு எங்கே போவது என்று தயங்கியபோது ஊர் ஊராக மக்களிடமே அரிசியும் பருப்பும் கேட்டுத் திரட்டியதில் அன்றைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவுக்குப் பெரும்பங்கு. 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை கோடியா, பிச்சைக்காரர்களை உருவாக்குகிறார்கள் என்று அன்று பேசிய படித்தவர்களை நான் கேட்டிருக்கிறேன். 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, இன்று ஒவ்வொரு பள்ளி நாளும் முட்டை. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. இதிலும் சாதி நுழையாமல் இல்லை. சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் பற்றிய செய்தி இன்றும் வருகிறது. அந்தப் பெற்றோரும் வீட்டில் "எல்லோரும் ஒன்றாக" உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தான்.

இவ்வளவு திட்டிவிட்டேன். உங்கள் துக்கம் பொய் என்று நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருட்டில் கால் முழுக்கப் புழுதியோடு ஓடிவந்து, வாசல் தொட்டியில் காலைக் கழுவியும் கழுவாமலும் அடுப்படிக்குப் போய் நின்றபோது வயிற்றில் எரிந்த பசி எனக்கும் நினைவிருக்கிறது. காலையில் நீராகாரம் போலக் கரைத்த கூழைக் குடித்துவிட்டுப் போனவன், மாலை முழுவதும் ஓடிவிட்டு வந்தால் அந்தப் பசியில் எதைக் கொடுத்தாலும் அமிர்தம். களியின் ருசியில் பாதி அதுதான். உங்கள் பையனுக்கு அந்தப் பசி வர வழியில்லை. நான்கு மணிக்கு ஒரு பிஸ்கட், ஐந்துக்கு ஒரு பழச்சாறு, ஆறுக்கு ஏதோ ஒரு பொட்டலம். பசிப்பதற்கு முன்பே ஊட்டிவிட்டு, ஏன் ருசிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். ஒரு மாலை அவனுக்கு ஒன்றும் தராமல் ஊரில் விட்டுப் பாருங்கள். கூடவே போகாதீர்கள். படம் எடுக்காதீர்கள். யாரோடு விளையாடுகிறான் என்று எட்டிப் பார்க்காதீர்கள், முக்கியமாக அதை.

அடுத்த முறை போகும்போது அம்மாவிடமிருந்து துடுப்பை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ராகி மாவைப் புதிதாக அரைத்து எடுத்துப் போங்கள், கடைப் பொட்டலம் வேண்டாம், பழைய மாவு கசக்கும். மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது, கண்ணளவு என்பார். ஆகவே அவரை அடுப்புக்குப் பக்கத்தில் மணைபோட்டு உட்கார வைத்துவிட்டு, அவர் போதும் என்னும்வரை ஊற்றுங்கள். பானையைக் காலால் பிடிக்கப் போகாதீர்கள், உங்களுக்கு வராது, சுட்டுக்கொள்வீர்கள். இரண்டு பையன்களையும் கனத்த துணி சுற்றிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் தடவை கட்டி விழும். பரவாயில்லை, முதல் உருண்டையை அம்மாவின் வட்டிலில் வையுங்கள். கட்டி விழுந்திருக்கிறது என்று அவர் திட்டுவார். திட்டட்டும், சூடு ஆறுவதற்குள் அவர் தின்று முடிக்கட்டும்.